பலாக்கொட்டையும் ஆரஞ்சு மிட்டாயும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். விதையைப் பற்றிக் கேட்டவரும் சரி, குவாண்டம் கணினியைப் பற்றிக் கேட்டவரும் சரி, கடைசியில் குளிரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொண்டேன்.

தாத்தா வைத்த பலாமரம் ஒன்று பட்டுக்கொண்டிருக்கிறது. சுளை அவ்வளவு தித்திப்பு. அதன் கொட்டைகளை நன்றாக வெயிலில் காயவைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து, புது நிலம் வாங்கியதும் நடலாமா?
– வாசகர், பண்ருட்டி

ஐயா, அந்தக் கொட்டைகள் முளைக்காது. இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. ஆனால் நீங்கள் இரண்டு வருடம் காத்திருந்து ஏமாறுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. மரம் இன்னும் முழுதாகப் பட்டுப்போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சைக் கிளை ஒன்றாவது இருக்கும்போதே ஒட்டுக்கட்டத் தெரிந்த நர்சரிக்காரரை அழைத்து வந்து ஒட்டுக்குச்சி எடுக்கச் சொல்லுங்கள். கொட்டை போட்டு வளர்த்தாலும் அதே சுளை வரும் என்று உறுதி கிடையாது. பலாவில் மகரந்தம் வேறு மரத்திலிருந்து வரலாம். பிள்ளை தாயைப் போலவே இருக்காது. தாத்தாவின் மரமே வேண்டுமென்றால் ஒட்டுதான் வழி.

சரி, காயவைத்தது ஏன் தப்பாயிற்று? நெல், அவரை, கத்திரி, புடலை எல்லாம் முற்றியதும் தண்ணீரை இழந்து உறங்கப் போகிற விதைகள். பலா, மா, தேயிலை, கோகோ, ரப்பர் அப்படியில்லை. பலாக்கொட்டை பழத்தை விட்டு வெளியே வரும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சில சமயம் பழத்துக்குள்ளேயே முளை விட்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழைக்காட்டில் விழுந்த இடமெல்லாம் ஈரம். உறங்கிக் கிடக்க அதற்கு அவசியமே வந்ததில்லை. 1973-இல் ராபர்ட்ஸ் என்ற விதை விஞ்ஞானி இந்த இரண்டு வகைக்கும் பெயர் வைத்தார். முதலாவது மரபு வழுவாதவை, இரண்டாவது முரண்டு பிடிப்பவை. அந்த இரண்டாவது பெயரில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தை பசிக்கு அழுதால் அதை முரண்டு என்று சொல்வோமா?

காயவைக்காமல் அப்படியே உறையவைத்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கு ஒரு செம்பருத்தியைக் காட்டுகிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்தில், ஒவ்வொரு வருடமும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் திரவ நைட்ரஜன் காட்டுவேன். மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக் குச்சிகளைப் போட்டு வைத்திருக்கும் உருளையைத் திறந்தால் புகை வருமே, அதே திரவம்தான். மைனஸ் 196 டிகிரி. செம்பருத்தியைக் காம்பைப் பிடித்து அதில் முக்கி, கொதிப்பு அடங்கியதும் எடுத்து மேஜையில் தட்டினால் அப்பளம் போல நொறுங்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு முக்கியமானது தட்டாமல் வைத்த இரண்டாவது பூ. கால் மணி நேரத்தில் அது அறைச் சூட்டுக்கு வந்து, வெந்த கீரை போலத் துவண்டு, நீர் கசிந்து, கறுத்துப்போகும். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. பனிப் படிகங்கள் செல்லின் சவ்வைக் கிழித்துவிடுகின்றன. பனிக்கட்டிதான் பூவைக் கொன்றது. பனி கட்டாமல் அவ்வளவு குளிர்ந்திருந்தால் பிழைக்க வழி உண்டு.

அந்த வழியைத் தேடியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜப்பானியரான அகிரா சகாய். குளிருக்குப் பழகிய மரக்குச்சிகள் திரவ நைட்ரஜனில் கிடந்தும் பிழைப்பதை 1960-இலேயே காட்டியவர். 1990-இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு கரைசலை வெளியிட்டார்கள்: கிளிசரின் 30 சதவீதம், எத்திலீன் கிளைகால் 15, டைமெத்தில் சல்ஃபாக்சைடு 15, அதோடு சர்க்கரை. எத்திலீன் கிளைகால் என்றால் வேறொன்றுமில்லை, கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட்டில் இருக்கும் சரக்கு. குண்டூசித் தலையளவு குருத்து நுனியை இந்தக் கரைசலில், பனிக்கட்டி மேல் வைத்து, நிமிடக் கணக்குப் பார்த்து ஊறவிடுவார்கள். நேரம் கூடினால் கரைசலே விஷம். குறைந்தால் உள்ளே தண்ணீர் மிஞ்சிப் பனி கட்டும். பிறகு திரவ நைட்ரஜன். மிஞ்சியிருக்கும் ஈரம் படிகமாகாமல் கண்ணாடியாக இறுகும். வெளியே எடுக்கும்போதும் நிதானம் உதவாது. சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று விட வேண்டும். மெல்லச் சூடேறினால் பாதி வழியில் பனி கட்டிவிடும்.

விதையே இல்லாத வாழையை பெல்ஜியத்தின் லூவன் நகரில் இப்படித் திரவ நைட்ரஜனில் காக்கிறார்கள். டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்து விஞ்ஞானிகள் 1995-இலேயே தேயிலை, கோகோ, பலா மூன்றையும் எடுத்துக்கொண்டு, எவ்வளவு காயவைத்தால் தாங்கும், எவ்வளவு குளிர் தாங்கும் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இந்த வேலை எவ்வளவு அவசரமானது என்பதற்கு ஒரு கணக்கு போதும். லண்டன் கியூ தோட்டத்து ஆய்வாளர்கள் 2018-இல் சொன்னது: அழிவின் விளிம்பில் இருக்கும் தாவர இனங்களில் 36 சதவீதத்தை, காயவைத்துக் குளிரறையில் வைக்கும் வழக்கமான விதை வங்கியால் காப்பாற்ற முடியாது. அதைப் படித்த பிறகு, குழம்புக்குப் பலாக்கொட்டை நறுக்கும்போதெல்லாம் அந்த எண் எனக்கு நினைவு வருகிறது.

ஜார்ஜியோ பாரிசிக்கு 2021-இல் இயற்பியல் நோபல், மிஷெல் தலக்ரானுக்கு 2024-இல் கணிதத்தின் ஆபெல் பரிசு. இரண்டிலும் 'கண்ணாடி' என்ற சொல் வருகிறது. ஜன்னல் கண்ணாடியில் ஆராய என்ன இருக்கிறது? முதுகலைக்குப் போகும் எனக்கு இதில் வழி உண்டா?
– கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, ஜன்னலை விட்டுவிட்டு பெட்டிக்கடைக்கு வாருங்கள். கற்கண்டும் சர்க்கரை, ஆரஞ்சு மிட்டாயும் சர்க்கரை. கற்கண்டில் மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்கின்றன, அது படிகம். ஆரஞ்சு மிட்டாயில், பாகு கொதித்தபோது இருந்த அதே தாறுமாறோடு அப்படியே நின்றுவிட்டன, அது கண்ணாடி. ஜன்னலில் இருப்பது மணலைக் காய்ச்சிய கண்ணாடி, இது சர்க்கரையைக் காய்ச்சிய கண்ணாடி.

பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரியும். ஜாமூன் பாகில் என் அம்மா நாலு சொட்டு எலுமிச்சை விடுவார். மறந்துவிட்டால் மறுநாள் பாகு பூத்துப்போய், பாத்திரத்தின் ஓரமெல்லாம் சர்க்கரை கட்டியிருக்கும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையில் ஒரு பங்கை உடைத்து வேறு இரண்டு சர்க்கரைகளாக்குகிறது. பல அளவு ஆட்கள் கலந்த கூட்டம் வரிசையில் நிற்கத் திணறும், இல்லையா? அதேதான். காய்ந்த விதைக்குள்ளும் இதைப் போன்ற ஏற்பாடு இருக்கிறது. விதை முற்றும்போது சுக்ரோஸ், ராஃபினோஸ் என்று பல சர்க்கரைகளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தண்ணீர் போனதும் உள்ளே இருப்பவை கண்ணாடியாக இறுகுகின்றன. நெல்லைப் பல்லில் கடித்து, 'நச்'சென்று உடைந்தால் காய்ச்சல் போதும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த 'நச்' கண்ணாடி உடையும் சத்தம்.

புதிர் எங்கே என்றால், ஒரு திரவத்தையும் அது இறுகிய கண்ணாடியையும் அணு அணுவாகப் படம் பிடித்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று ஓடுகிறது, மற்றது ஓடவில்லை. ஏன்? இயற்பியலர் பிலிப் ஆண்டர்சன் 1995-இல், திடப்பொருள் கோட்பாட்டில் தீராமல் இருப்பவற்றில் மிக ஆழமானது அனேகமாக இதுதான் என்று எழுதினார். இன்றும் முழுதாகத் தீரவில்லை.

பாரிசி எடுத்துக்கொண்டது இதன் பங்காளிப் பிரச்சினை ஒன்றை. கல்யாணப் பந்தியில் இரண்டே வரிசை. மாமாவும் சித்தப்பாவும் ஒரே வரிசையில் உட்கார மாட்டார்கள். சித்தப்பாவும் பெரியப்பாவும் அப்படித்தான். பெரியப்பாவும் மாமாவும் அப்படித்தான். எப்படி உட்காரவைத்தாலும் இரண்டு பேர் ஒரே வரிசையில் வந்து மனத்தாங்கல் மிஞ்சும். செம்பில் அங்கங்கே இரும்பு அணுக்களைத் தூவிய கலவையில், இரும்பின் குட்டிக் காந்தங்களுக்கு இதே சங்கடம். மூன்று பேருக்கே இப்படியென்றால் கோடானுகோடி பேருக்கு? பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஏற்பாடுகள் எண்ணிலடங்காமல் இருக்கும். குளிரும்போது ஏதோ ஒன்றில் போய்ச் சிக்கி நின்றுவிடும். இதற்குக் காந்தக் கண்ணாடி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதன் எளிய மாதிரி ஒன்றுக்கு 1979-இல் பாரிசி ஒரு சூத்திரம் தந்தார். வந்த வழி விசித்திரமானது: ஒரே பொருளுக்குப் பல நகல்கள் எடுத்துக்கொண்டு, கடைசியில் நகல்களின் எண்ணிக்கையைப் பூச்சியமாக்க வேண்டும். கணிதக்காரர்கள் இதை நிரூபணம் என்று ஏற்கவில்லை, ஏற்கவும் முடியாது. ஆனால் விடை சரியாகவே வந்துகொண்டிருந்தது. 2003-இல் பிரான்செஸ்கோ குவெர்ரா, உண்மையான விடை பாரிசியின் சூத்திரத்தை ஒரு திசையில் தாண்டாது என்று நிறுவினார். 2006-இல் தலக்ரான் முழு நிரூபணத்தை வெளியிட்டார். இடையில் 27 வருடம். தலக்ரான் 5 வயதில் வலது கண் பார்வையை இழந்தவர். 15 வயதில் இன்னொரு கண்ணிலும் விழித்திரை விலகிப் பள்ளிக்கூடமே போக முடியாமல் கிடந்தபோது, அவருடைய அப்பா தினமும் வந்து கணக்குப் பேசிக்கொண்டிருந்தாராம். அந்த அப்பாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆரஞ்சு மிட்டாய்க்குத் திரும்பினால், சாதாரணக் கண்ணாடியைப் பாரிசியும் சக ஆய்வாளர்களும் 2010-களில் தீர்த்துக் காட்டியது முடிவில்லாத பரிமாணங்கள் கொண்ட உலகத்தில். அங்கே கணக்கு எளிது. நாம் வாழும் மூன்று பரிமாணத்தில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது, தம்பி. முதுகலையில் நிகழ்தகவுக் கோட்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் ஜன்னல் கண்ணாடி கீழ்ப்பக்கம் தடித்திருப்பது, கண்ணாடி நூற்றாண்டுகளாக மெல்ல வழிவதால்தானே?
– ஆசிரியை, நாகர்கோவில்

இல்லை, அம்மா. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டைச் சீராகச் செய்ய முடியவில்லை. ஒரு பக்கம் தடிப்பாகத்தான் வரும். அந்தப் பக்கம் பெரும்பாலும் கீழே வருமாறு பொருத்தினார்கள். மேலே தடித்த கண்ணாடிகளும் உண்டு. பிரேசில் நாட்டுக் கண்ணாடி ஆய்வாளர் ஸனோட்டோ 1998-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார். அறைச் சூட்டில் கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற அளவு வழிய, பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகக் காலம் ஆகும். வகுப்பில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இலைகள் ஒளியிலிருந்து உணவு தயாரிக்கும்போது குவாண்டம் கணினி போல வேலை செய்கின்றன என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

இந்தக் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. 2007-இல் அந்தச் செய்தி வந்த வாரம் வகுப்பில் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறேன். பிறகு வந்ததையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் கிரஹாம் ஃபிளெமிங் குழுவினர் செய்த சோதனை அது. அவர்கள் எடுத்துக்கொண்டது இலையை அல்ல. மங்கிய வெளிச்சத்திலும் வாழும் பச்சை கந்தக பாக்டீரியாவின் புரதம் ஒன்றை. அதன் மேல் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை விட்டுப் பார்த்தபோது, ஆற்றல் அலை அலையாக அசைவது 660 ஃபெம்டோ வினாடிக்கும் மேல் தெரிந்தது. ஒரு வினாடியைப் பத்துக் கோடிக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஃபெம்டோ வினாடி. அணு உலகத்தில் 660 என்பது நீண்ட காலம். ஆற்றல் ஒரே சமயத்தில் எல்லா வழியையும் ஆராய்ந்து நல்ல வழியைப் பிடிக்கிறது, குவாண்டம் கணினி போல, என்று விளக்கம் எழுந்தது. நீங்கள் கேட்ட காணொளியின் வேர் இதுதான்.

அந்தச் சோதனை நடந்தது 77 கெல்வினில். அதாவது மைனஸ் 196 டிகிரி, என் செம்பருத்தி கிடந்த அதே குளிர். அங்கே எந்தச் செடியும் உணவு சமைப்பதில்லை. 2017-இல் ஜெர்மனியில் ட்வைன் மில்லர் குழுவினர் அறைச் சூட்டில் அளந்தார்கள். எலக்ட்ரான்களின் ஒத்திசைவு, அதாவது அலைகள் தாளம் பிசகாமல் சேர்ந்து அசைவது, சுமார் 60 ஃபெம்டோ வினாடியில் அடங்கிவிட்டது. 2020-இல் இத்துறையினர் பலர் சேர்ந்து எழுதிய மீள்பார்வைக் கட்டுரை, நீண்ட நேரம் தெரிந்த அசைவுகள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் சாதாரண அதிர்வுகளே, ஆற்றல் கடத்தலுக்கு அந்த ஒத்திசைவு தேவைப்படவில்லை என்று முடித்தது.

ஆகவே இலை குவாண்டம் கணினி இல்லை. அதே சமயம் குவாண்டம் இல்லாமல் ஒளிச்சேர்க்கை இல்லை. பச்சையம் ஒளியை விழுங்குவதே குவாண்டம் நிகழ்ச்சி. 2023-இல் அதே ஃபிளெமிங்கும் மற்றவர்களும் ஊதா பாக்டீரியாவின் ஒளி வாங்கும் புரதம் ஒன்றுக்கு ஒளியை ஒற்றை ஒற்றை ஃபோட்டானாக அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே ஒரு ஃபோட்டான் போதும், ஒளிச்சேர்க்கையின் முதல் படி தொடங்கிவிடுகிறது. காணொளிக்காரர் இதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு முந்தைய கதையைவிட இது அழகாகப் படுகிறது.

அப்படியானால் குவாண்டம் கணினியையும் திரவ நைட்ரஜனில்தான் வைக்கிறார்களா?
– பிளஸ் டூ மாணவி, திருநெல்வேலி

மகளே, அதன் முன்னால் திரவ நைட்ரஜன் கொதிக்கும் எண்ணெய் மாதிரி. மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுற்றுகளால் ஆன கணினிச் சில்லுகளை, குளிரின் கடைசி எல்லையான தனிப் பூச்சியத்திற்கு மேல் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர்விக்கிறார்கள். ஹீலியத்தின் இரண்டு வகைகளைக் கலந்து அந்தக் குளிரை உண்டாக்குகிறார்கள். 2025-க்கான இயற்பியல் நோபல் பெற்ற ஜான் கிளார்க், மிஷெல் தெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவரும் 1984, 85-இல் பெர்க்லியில் செய்த சோதனைகள்தான் இந்தச் சில்லுகளுக்கு அடித்தளம். கையில் பிடிக்கக்கூடிய அளவுள்ள ஒரு மின்சுற்றில், தாண்ட முடியாத தடையை ஊடுருவிச் செல்லும் குவாண்டம் குணத்தைக் காட்டினார்கள். சூடு இருந்தால் அந்த நுட்பமான குணம் சிதறிவிடும். முந்தைய பதிலில் பாக்டீரியாப் புரதத்தில் 60 ஃபெம்டோ வினாடியில் அடங்கியதே, அதே காரணம்.

நார்வேயில் உலகத்து விதைகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்களாமே, நம் நெல்லும் இருக்கிறதா?
– விவசாயி, மன்னார்குடி

இருக்கிறது, ஐயா. ஸ்வால்பார்ட் தீவில் மலைக்குள் நூறு மீட்டருக்கு மேல் குடைந்து, 2008 பிப்ரவரியில் திறந்தார்கள். மைனஸ் 18 டிகிரி. இப்போது 13 லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் நெல்களின் நகலை அங்கே வைத்திருக்கிறது. இந்திய நெல்களும் அதில் சேரும். ஹைதராபாத்தில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் கம்பு, சோளம், கொண்டைக்கடலை அனுப்பியிருக்கிறது. வைத்தவரே உரிமையாளர், வேறு யாரும் பெட்டியைத் திறக்க முடியாது. 2015-இல் முதல்முறையாகத் திரும்ப எடுத்தார்கள். சிரியாவின் அலெப்போவில் இருந்த விதை வங்கி போரில் சிக்கியதால், அதன் விதைகளை லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-இல் ஒரு பங்கைத் திரும்பவும் கொண்டுபோய் வைத்தார்கள். நம் நாட்டிலும் லடாக்கில் சாங் லா கணவாயில் இப்படி ஒரு விதைக் கிடங்கு உண்டு. பண்ருட்டி ஐயாவின் பலாவுக்கு மட்டும் இந்த இரண்டிலும் இடம் கிடையாது. காரணம் மேலே சொன்னதுதான்.

நாட்டுக் கத்திரி, புடலை விதைகளை எத்தனை வருடம் வைக்கலாம்? என் மாமியார் சாம்பலில் புரட்டி வைப்பார். அது போதுமா, ஃப்ரிட்ஜ் வேண்டுமா?
– மாடித்தோட்ட வாசகி, சேலம்

உங்கள் மாமியார் செய்தது சரி. நன்றாகக் காய்ந்த சாம்பல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சியையும் அண்டவிடாது. ஒரு வருடத்துக்கு அது போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானியின் கைக்கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு; வைத்திருக்கும் இடம் 5 டிகிரி குளிர்ந்தால் இன்னொரு இரட்டிப்பு. ஈரத்தை 12-லிருந்து 8-க்குக் கொண்டுவந்தால் 16 மடங்கு. தோராயக் கணக்குதான், என்றாலும் முதலில் காய்ச்சல், அப்புறம்தான் குளிர் என்ற வரிசையை மறக்காதீர்கள்.

காற்றுப் புகாத பாட்டிலின் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, மேலே விதைப் பொட்டலத்தை வையுங்கள். இங்கே என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா கொடுத்த வெள்ளைப் புடலை விதையை இப்படித்தான் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். எடுத்தவுடன் மூடியைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, திரும்ப மூடி வைப்பேன். குளிர்ந்த விதையின் மேல் அறைக் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்ததை நான் கவனிக்கவே இல்லை. மூன்றாம் வருடம் ஒன்றுகூட முளைக்கவில்லை. அம்மா அப்போது இல்லை. எதிர்வீட்டு அக்காவுக்கு எப்போதோ அம்மா ஒரு பிடி கொடுத்திருந்ததால் அந்தப் புடலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த அக்கா வைத்திருந்தது சாம்பல் போட்ட மண்கலயத்தில். வருடாவருடம் விதைத்து எடுத்த புது விதை.

அதனால் பாட்டிலை வெளியே எடுத்தால் அரை நாள் அப்படியே மூடியபடி வையுங்கள். வெளிப்பக்கம் வியர்வை காய்ந்து, பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலர் 1879-இல் 20 பாட்டில்களில் மணலோடு விதைகளைப் போட்டுப் புதைத்தார். 2021 ஏப்ரலில், வெளிச்சம் படாமல் இருக்க விடிவதற்கு முன் இருட்டில் ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்தார்கள். 142 வருடம் கழித்து 20 விதைகள் முளைத்தன. எல்லாம் வெர்பாஸ்கம் என்ற களைச்செடி இனம். அடுத்த பாட்டில் 2040-இல். கத்திரிக்கும் புடலைக்கும் அந்த உறுதி கிடையாது. நீங்கள் ஒவ்வொரு தை மாதமும் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் கீழே முளைத்தால் அந்தப் பட்டத்திலேயே விதைத்துப் புது விதை எடுத்துவிடுங்கள். இந்த முறை எத்தனை முளைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.